இடப்பக்கம்

நாய் சுவரை ஒட்டி நடக்கவில்லை. செல்வதாஸ் முதலில் கவனித்தது அதைத்தான்.

கால் நோகிற நாய் புது ஆளைக் கண்டால் ஓரமாக ஒதுங்கும். சுவரில் விலாவை உரசிக்கொண்டு, அது தரும் தைரியத்தில் நகரும். பொன்னுலிங்கத்தின் வீட்டு நீண்ட நடைக்கூடத்தில், பட்டப்பகலிலேயே இருட்டிக் கிடந்த ஐப்பசி மழை வெளிச்சத்தில், அந்தப் பெரிய நாய் தரையின் நடுவிலேயே வந்தது. அதன் இடப்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த அவருடைய விதவை தாணம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைத் தூக்கி அப்புறம் வைத்தாள், வீட்டுப் பெரியவர் வரும்போது வழிவிடுகிறவளைப்போல.

செல்வதாசுக்கு அப்போது அது விசேஷமாகப் படவில்லை. அவன் கண் முழுக்க நாயின் கால்களில் இருந்தது.

கருங்கல் என்ற ஊரின் மாட்டாஸ்பத்திரி டாக்டர் அவன். வாசலில் மலையாளத்தில் எழுதிய பலகை தொங்கும். உள்ளே மாடும் எருமையும் வரிசையில் நிற்கும். மதராசில் படித்த காலத்திலிருந்தே அவனுக்கு நாய்களின் நடையின்மேல் ஒரு பித்து. ஓடுகிற நாயின் எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு விரிகிறது, எந்தக் காலில் பாரம் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். பித்தளையில் ஒரு கோணமானி செய்து வைத்திருந்தான். அரைவட்டத்தில் பாகைக் கோடுகள், அதன் நடுவில் சேர்த்த இரண்டு நீளக் கைகள். மூட்டின் மேல் வைத்துக் காலை மடக்கினால் மடங்கிய அளவைக் கோடு காட்டும். ஆனால் இந்தப் பக்கத்தில் நாயை யார் டாக்டரிடம் கொண்டுவருவார்கள்? அதனால் குழித்துறையிலிருந்து தாணம்மாள் ஆள் அனுப்பியபோது, மழையையும் பார்க்காமல் வில்வண்டி பிடித்து வந்திருந்தான்.

"எப்ப முதல் நொண்டுது?" என்று கேட்டான்.

"அவரு போன பிறவு" என்றாள் தாணம்மாள், நாயைக் காட்டி. "நல்லா ஓடிக்கிட்டிருந்த பட்டி, சாரே. அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறவு இதுக்க முதுகைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பாரு. இப்ப அவரு இல்ல. ஆனா இது நாளுக்கு நாள் தாழுது. எப்பிடியாவது நேராக்கித் தரணும். இது விழுந்திரப்பிடாது."

கடைசி வார்த்தையை அவள் இன்னொரு தடவை சொன்னாள். இது விழுந்திரப்பிடாது.

தேங்காய் மொத்த வியாபாரத்தில் பெரிய பெயரெடுத்தவர் பொன்னுலிங்கம். மனிதர் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் வீட்டில் வாதத்துக்குத் தேய்க்கும் குழம்புத் தைலத்தின் வாடை கெட்டியாக நின்றது. எண்ணெயும் பச்சிலையும் வியர்வையும் கலந்த வாடை. செல்வதாஸ் குனிந்தபோது அது நாயின் ரோமத்திலிருந்து இன்னும் பலமாக வந்தது.

சிப்பாய் என்று பெயர். ரப்பர் தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது விட்டுச்சென்ற உயர்ந்த ஜாதி நாய். முதுகு மனிதனின் இடுப்புக்கு வரும். செல்வதாஸ் ஒவ்வொரு மூட்டாகக் கோணமானியை வைத்து மடக்கினான், விரித்தான். கணுக்கால், முழங்கால், இடுப்பு, முழங்கை, தோள். நோகிற மூட்டைத் தொட்டால் நாய் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், மூச்சைப் பிடிக்கும். சிப்பாய் ஒன்றும் செய்யவில்லை. எல்லா மூட்டும் எண்ணெய் போட்ட கீல்போல முழு அளவுக்கு மடங்கி விரிந்தன. கோளாறு என்று சொல்ல எதுவுமில்லை.

"எழும்பு" என்றான். நாய் எழுந்தது. நேராக நின்றது. ஓரடி எடுத்து வைத்தது. உடனே இடது தோள் கீழே இறங்கியது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கணும் அம்மா. நாலைந்து நாள் என்கிட்ட இருக்கட்டும்."

தாணம்மாள் நாயின் பக்கம் திரும்பினாள். அவளுடைய இடது தோளும் கொஞ்சம் இறங்கியே இருந்தது. சேலைத் தலைப்பு அடிக்கடி வழுக்க, அவள் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கொண்டு போங்க. ஆனா, சாரே, அதுக்க இடது பக்கம் ஆரும் நடக்கண்டாம். ஒழிச்சு விட்டிரணும். அதுக்கு அப்பிடிப் பழக்கம்."

திரும்பும் வழியில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. வண்டிக்காரன் ஆபேல் காளைகளைத் தட்டிவிட்டு இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"சாரே, கொஞ்சம் வலது பக்கம் நீங்கி இருங்க. வண்டி இடத்தோட்டு சாயுது."

"நான் வலது பக்கம்தான் இருக்கேன், ஆபேல்."

கருங்கல் வரைக்கும் இடது சக்கரம் முனகிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதற்கு அடுத்தாற்போல் டாக்டர் குடியிருக்கும் வீடு. கொட்டகைக்குள் ஆற்றுமணலைப் பாதைபோல் நீளமாகப் பரப்பி, நீர் தெளித்து, பலகையால் இழுத்துச் சமப்படுத்தினான் செல்வதாஸ். நாய் இதன்மேல் நடந்தால் ஒவ்வொரு காலும் தன் பாரத்தை மணலிலே பதித்துவிட்டுப் போகும். நோகும் காலின் சுவடு ஆழம் குறைந்திருக்கும். எதிர்க்கால் ஆழமாகப் பதியும். எந்தக் கால் என்று கண்டுபிடித்துவிட்டால் எந்த மூட்டு என்று கண்டுபிடிக்கலாம்.

அடுத்த நாள் காலை தகரத்தில் மழை கொட்டியது. பினாயில் வாடையையும் சாணி வாடையையும் மீறிக் குழம்பு வாடை கொட்டகைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. சிப்பாயைக் கயிற்றில் பிடித்து வலப்பக்கமாக நடத்திக்கொண்டு போனான். திரும்பி வந்து மண்டியிட்டு, ஈர்க்குச்சியைச் சுவடுகளுக்குள் ஊன்றிப் பார்த்தான்.

இடது முன்கால், ஆழம். இடது பின்காலும் ஆழம். வலது கால்கள் இரண்டும் சாதாரணமாகப் பதிந்திருந்தன.

அவனுக்குப் புரியவில்லை. ஒரு பக்கம் ஆழம் கூடினால் இன்னொரு பக்கம் குறையவேண்டும். நாய்க்கு இருக்கும் எடைதானே உண்டு. இங்கே எதுவும் குறையவில்லை. கூடியிருந்தது மட்டும்தான். நாயை அதே மணலில் சும்மா நிறுத்தி வைத்துப் பார்த்தான். நான்கு சுவடும் ஒன்றுபோல் லேசாகப் பதிந்தன. நடத்தினான். இடப்பக்கம் புதைந்தது. நிறுத்தினால் இல்லை. நடந்தால் உண்டு.

காலில் கோளாறு இல்லை. சுமக்கிறது.

அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கே சிரிப்பாக இருந்தது. ஆனாலும் சிரிக்க வரவில்லை. நாயின் முதுகைத் தடவினான். தோளுக்குப் பின்னால், இடப்புறமாக, ஓரிடத்தில் ரோமம் படிந்து கிடந்தது. உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக. அதிலிருந்து நான்கு வரிகள் முதுகெலும்பைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கின. எத்தனையோ வருஷம் ஒரு கை இருந்த இடம், ரோமம் அப்படியே படிந்துபோயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விரலால் எதிர்ப்பக்கமாக நீவி ரோமத்தை நிமிர்த்திவிட்டான். நிமிர்ந்து நின்றது. நாய் ஓரடி வைத்தது. ரோமம் மெல்ல, ஒவ்வொரு வரியாக, மறுபடி படிந்தது.

கையை உதறிக்கொண்டு எழுந்தான். வெளியே போய் மழையில் சற்று நேரம் நின்றான்.

மறுநாள் நாய் இன்னும் தாழ்ந்திருந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே தோள்மூட்டை அளந்துவிட வேண்டும் என்று செல்வதாஸ் தீர்மானித்தான். அதற்குக் கூடவே குனிந்து நடக்க வேண்டும். கயிற்றை வேறு யாராவது பிடிக்க வேண்டும். வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான்.

நேசபாய் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வடசேரியில் வாத்தியார் வீட்டுப் பெண். போன ஈஸ்டர் கழிந்துதான் கல்யாணம். பெண் பார்க்கப் போன அன்று அவன் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் முற்றத்தைக் கடந்து வந்த நடையைத்தான் பார்த்தான். தரையில் பாரமே வைக்காமல், அடுத்த அடியில் ஓடிவிடப்போகிற மாதிரி ஒரு நடை. அதைச் சொன்னால் அவள் இன்றைக்கும் சிரிப்பாள்.

"இவ்வளவு பெரிசா இருக்கே, கடிக்காதா?"

"பாவம் இது. நீ கயித்தப் பிடிச்சுக்கிட்டு மெல்ல நட. நான் வலது பக்கம் குனிஞ்சு வாறேன். நீ இந்தப் பக்கம் வா."

இந்தப் பக்கம் என்று அவன் காட்டியது இடப்பக்கம். தாணம்மாள் சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது. வலப்பக்கம் இடமில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தான்.

நடந்தார்கள். அவன் கோணமானியை நாயின் தோளில் பொருத்தியபடி குனிந்து நகர்ந்தான். அதன் ஒரு கை தாழ்ந்து தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது. மணல்பாதையின் நடுவில் நாய் நின்றது. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். குளித்தெழுந்த நாய்போல் தலையிலிருந்து வால்வரை உதறியது. கோணமானி அவன் கையிலிருந்து தெறித்து விழுந்தது. அதே நேரம் நேசபாய், "அம்மா" என்றாள். உரக்க இல்லை.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. கால் வழுக்கிச்சு."

சிப்பாய் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. கொட்டகையைச் சுற்றி ஓடியது. நேராக, லேசாக, நான்கு காலும் சமமாக. செல்வதாஸ் பிடித்து வந்து மறுபடி மணலில் நடத்தினான். சுவடுகள் ஒன்றுபோல் இருந்தன. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தசையில் ஏதோ பிடிப்பு, உதறியதில் விட்டுவிட்டது என்று நேசபாயிடம் விளக்கிக்கொண்டே போனான். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வலது கையால் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவன் முன்னறையில் இருந்தான். அடுப்படிக்கும் உள்ளறைக்கும் அவள் போய்வரும் சத்தம் கேட்டது. ஓர் அடி மெதுவாக. ஓர் அடி கனமாக. பிறகு மெதுவாக. பிறகு கனமாக. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தான். நேசபாய் மட்டும்தான். கையில் விளக்கோடு சுவரிலிருந்து விலகி, நடைவழியின் நடுவில் வந்தாள். அடுப்படியின் குறுகின வாசலில் உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் நுழைந்தாள். நுழைந்தபின் ஒரு கணம் அங்கேயே நின்றாள்.

பின்னால் வருகிறவர் நுழையட்டும் என்று நிற்பதுபோல.

"தோள் நோவுதா?"

"கொஞ்சம் பிடிச்சிருக்கு. தண்ணி இறைச்சது அதிகம்போல. தூங்கினா சரியாகும்."

தூங்கி எழுந்தும் சரியாகவில்லை. காலையில் அவள் முற்றத்தில் நடந்தபோது சிப்பாய் படலுக்கு வெளியே போய் நின்றுகொண்டது. கூப்பிட்டும் வரவில்லை. அவள் சோறு வைக்கப் போனபோது வாலைக் காலுக்குள் மடக்கி, வயிறு தரையில் பட ஊர்ந்து, அவளுடைய வலப்பக்கமாக வந்து தின்றது. தின்னும்போதே கண்ணை உயர்த்தி உயர்த்திப் பார்த்தது. அவள் முகத்தை அல்ல. அவளுக்கு இடப்புறம், அவள் தலைக்குக் கொஞ்சம் மேலே.

படுக்கையறையில் குழம்பு வாடை அடித்தது.

நாய் அறைக்குள் வந்ததேயில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஆபேலை வரச்சொல்லி வண்டி கட்டி, நாயையும் கொண்டு குழித்துறைக்குப் புறப்பட்டான். நாயை ஒப்படைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏன் தோன்றியது என்று அவனால் சொல்ல முடியாது. வண்டி ஒரு பக்கமும் சாயவில்லை. அதுதான் வழியெல்லாம் அவனை உறுத்தியது.

தாணம்மாள் வாசலுக்கு வந்தாள். சிப்பாய் வண்டியிலிருந்து குதித்து முற்றத்தை ஒரு சுற்று ஓடி, ஆற்றுப்பக்கம் போய்க் குரைத்தது. அவள் சிரிக்கவில்லை. நாயையே பார்த்தாள். அவளுடைய வலது கை தானாக இடது தோளுக்குப் போனது. தடவிப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முகம் வெளுத்தது.

"ஆரு?" என்றாள்.

"என்ன ஆரு?"

"பட்டிக்க இடது பக்கம் ஆரு நடந்தா?"

"எனக்க வீட்டுக்காரி."

தாணம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாதம் வந்த பிறவு அவரு எனக்க தோளைத்தான் பிடிச்சு நடந்தாரு, சாரே. ஆத்துக்கு, கடைக்கு, கொல்லைக்கு. பிடிச்ச பிடி விடமாட்டாரு. நான் தளந்து விழுந்தா, நான் எழும்புறது வரைக்கும் மேல சாஞ்சு நிப்பாரு. ஒரு வார்த்தை பேசமாட்டாரு. தாங்காமத்தான் துரையிட்ட கெஞ்சி இந்தப் பட்டிய வாங்கினேன்."

"அவர் செத்துப்போனாரு அம்மா."

"செத்தாரு. நான்தான் குளிப்பாட்டினேன். எடுத்த அன்னைக்கே பட்டி தாழத் தொடங்கிச்சு. இது விழுந்தா பிறவு எனக்க தோளுக்குத்தான் வருவாருன்னு பயந்து உங்கள விளிச்சேன். வேற ஆளுக்கிட்ட போவாருன்னு நினைக்கல்ல. பகவதியாணை நினைக்கல்ல."

"இப்ப என்ன செய்யணும்?"

"தெரிஞ்சா நான் செய்திருக்க மாட்டேனா?"

அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. ஆனாலும் கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது. உள்ளே, நடைக்கூடத்தில், ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போடும் சத்தம் கேட்டது.

"விரட்டு, ஆபேல்" என்றான் செல்வதாஸ்.

மழை பிடித்துக்கொண்டது. வழியில் எல்லா ஓடையும் நிறைந்து ரோட்டின்மேல் ஓடியது. அவன் ஜெபம் சொல்ல முயன்றான். பாதியில் வார்த்தை மறந்தது. கோணமானி சட்டைப்பையில் நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. எல்லா மூட்டும் நன்றாகத்தான் இருக்கும். அவளுடைய முழங்காலை மடக்கினால் மடங்கும். விரித்தால் விரியும். எந்தக் கோட்டிலும் ஒன்றும் தெரியாது.

வீடு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். படல் திறந்து கிடந்தது. முற்றத்து ஈரமண்ணில் நேசபாயின் காலடிகள் கிணற்றுக்குப் போய்த் திரும்பியிருந்தன. வலது கால் லேசாகப் பட்டிருந்தது. இடது கால் புதைந்து, அதில் மழைநீர் நின்றது.

"நேசா."

கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனான்.

உள்ளறையில் அரிக்கேன் எரிந்தது. அவள் கயிற்றுக்கட்டிலின் விளிம்பில், நடுவில் உட்கார்ந்திருந்தாள். கண் குழிந்திருந்தது. இடது தோள் சரிந்து, கழுத்து நீண்டுபோனதுபோல் தெரிந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்திட்டியளா? நாங்க இப்பத்தான் இருந்தோம்."

"நாங்களா?"

அவள் யோசித்தாள். "நான்" என்றாள். சொன்னது சரிதானா என்று பார்ப்பதுபோல் இடப்பக்கம் திரும்பினாள்.

அவன் வாசலிலேயே நின்றான். கட்டிலின் கயிறு அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் லேசாகத்தான் வளைந்திருந்தது. அவளுக்கு இடப்பக்கம் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கியது. அங்கே யாரும் இல்லை.

அந்த இடத்தில் போய் உட்கார வேண்டும். அவளுக்கும் அதற்கும் நடுவில் தன் தோளைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். நாயிடமிருந்து அவளுக்கு வந்ததே, அவளிடமிருந்து அவனுக்கு வராதா? நான்கு அடி தூரம் இருக்கும். தனக்கு இளம் வயது, உரமான உடம்பு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தாங்கலாம். போ என்று தன்னிடமே சொன்னான்.

கால் எழவில்லை.

மறுபடி சொன்னான். அவள் உன் மனைவி. போ.

எழவில்லை.

"இருங்களேன்" என்றாள் நேசபாய். "ஏன் அங்கயே நிக்கியோ?"

அவன் நிலையைப் பிடித்துக்கொண்டான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவனுடைய முகத்தில் எதையோ புரிந்துகொண்டாள். களைத்த கண்கள் மெல்ல மூடின.

கயிறு கிறீச்சிட்டது.

அவள் உடம்பு இடப்பக்கமாகச் சரியத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக. விழப்போகிறாள். அவன் கை தானாக நீண்டது. விழவில்லை. தலை பாதிவழியில், தலையணையும் சுவரும் இல்லாத வெறும் இடத்தில் நின்றது. எந்த உடம்பும் தாங்காத சாய்வில் அவள் அப்படியே இருந்தாள். மூச்சு சீராக வந்தது. கன்னத்துச் சதை மட்டும், எதன்மீதோ அழுந்தியதுபோல், மெல்லத் தட்டையானது.